கிளையை வெட்டிய கணக்கு

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் இருக்கும் துறைமுக நகரம் ஹல். அங்கிருந்து பெவர்லி வழியாக யார்க் நகருக்கு ஒரு ரயில் பாதை இருந்தது. அதில் ரயிலை ஓட்ட ஆகும் செலவுக்கு டிக்கெட் வசூலே போதுமானதாக இருந்தது. ஆனாலும் 1963-ல் பிரிட்டிஷ் ரயில்வே வாரியம் வெளியிட்ட அறிக்கை, அதைக் கட்டுப்படியாகாத பாதை என்று முடிவுகட்டியது. 1965 நவம்பரில் அந்த வழியே கடைசி ரயில் போய்ச் சேர்ந்தது.

தன் ஓட்டச் செலவைத் தானே சம்பாதித்த ரயில் எப்படி நஷ்டக் கணக்கில் போனது? தண்டவாளம், சிக்னல், நிலையங்கள், நிர்வாகம் ஆகியவற்றின் செலவையும் சேர்த்துப் பார்த்தபோது வசூல் போதவில்லை. கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கிடம் கேட்கக்கூடாத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டார்கள்.

ஒரு பயணிக்கு எவ்வளவு, ஒரு நோயாளிக்கு எவ்வளவு, ஒரு மனுவுக்கு எவ்வளவு என்று செலவைத் தலைக்கணக்காக்கிப் பார்ப்பது எல்லா நிர்வாகத்திலும் உள்ள பழக்கம். பட்ஜெட் போட அது வேண்டும். கட்டணம் வைக்கவும் வேண்டும். எதை மூடுவது, எதை இணைப்பது, எங்கே ஆள் குறைப்பது என்ற முடிவுகளுக்கும் அதே எண்ணைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் தொல்லை வருகிறது. ஏன் என்பதை அந்த ரயில் கதையை வைத்தே பார்த்துவிடலாம்.

பீச்சிங்கின் கோடாலி

பிரிட்டனின் ரயில் நிறுவனங்கள் 1948-ல் நாட்டுடைமை ஆயின. லாரியும் காரும் பெருகப் பெருக ரயில்வேயின் வரவு சுருங்கியது. 1955-ல் பெரும் பணம் கொட்டிப் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றைப் போட்டார்கள். நஷ்டம் நிற்கவில்லை. 1962-ல் அது 10 கோடி பவுண்டைத் தாண்டியது. இதைச் சீர்செய்ய ஐ.சி.ஐ. என்ற ரசாயன நிறுவனத்திலிருந்து ரிச்சர்ட் பீச்சிங்கை அழைத்து வந்திருந்தார்கள். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆண்டுச் சம்பளம் 24,000 பவுண்டு. அன்றைய பிரதமர் வாங்கியதைவிடக் கூடுதல்.

1963 மார்ச்சில் வந்த அவருடைய அறிக்கை, 2,363 நிலையங்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடச் சொன்னது. அதற்கு அவர் காட்டிய எண்கள் எவரையும் வாயடைக்கச் செய்பவை. மொத்தப் பாதையில் மூன்றில் ஒரு பங்கில் பயணிகளில் 1 சதவீதம் பேர்தான் போகிறார்கள். நிலையங்களில் பாதி சேர்ந்து ஈட்டும் வருவாய் 2 சதவீதம்தான். ஸ்காட்லாந்தின் காம்ரி கிளையில் ஒரு ரயிலுக்குச் சராசரி ஐந்தே பயணிகள். செலவில் கால் பங்குதான் திரும்பி வந்தது. பத்திரிகைகள் இந்தத் திட்டத்துக்கு ‘பீச்சிங் கோடாலி’ என்று பெயர் வைத்தன. அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது.

பீச்சிங்கை வில்லனாக்க வேண்டியதில்லை. பல பாதைகள் உண்மையிலேயே காலியாகத்தான் ஓடின. சிலவற்றை என்றைக்கோ மூடியிருக்க வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கான மைல் பாதையை மூடிய பிறகும் ரயில்வே லாபத்துக்குத் திரும்பவில்லை. மூடியதால் மிச்சமானது சுமார் 3 கோடி பவுண்டு என்பார்கள். நஷ்டமோ 10 கோடிக்கு மேல் அப்படியே நின்றது. 1968-ல் போக்குவரத்து அமைச்சராக இருந்த பார்பரா காஸில் முன்னெடுத்த சட்டம், வருமானம் தராவிட்டாலும் மக்களுக்குத் தேவையான பாதைகளுக்கு அரசு மானியம் தர வழி செய்தது. காகிதத்தில் தெரிந்த மிச்சம் கைக்கு வராமல் எங்கே போனது?

ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம்

அக்கா தங்கை இருவருக்கும் ஒரே முகூர்த்தத்தில், ஒரே மண்டபத்தில் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். மண்டப வாடகை 3 லட்சம். மேளம், மின் அலங்காரம், சமையல் ஆட்கள் எல்லாம் பொது. செலவை இரண்டு தாய்மாமன்கள் ஏற்கிறார்கள். ‘ஆளுக்குப் பாதி’ என்று முடித்தால் தகராறு இல்லை. விருந்தாளிகளின் எண்ணிக்கைப்படி பிரிக்கலாம் என்று ஒருவர் சொன்னால் அதுவும் நியாயம்தான். எப்படிப் பிரித்தாலும் கூட்டினால் 3 லட்சம் வரும்.

இப்போது தங்கையின் கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. மண்டபக்காரர் ஒன்றரை லட்சத்தைத் திருப்பித் தருவாரா? ஒரு ரூபாய்கூடத் தரமாட்டார். இலைக்கு இவ்வளவு என்று வைத்த சாப்பாட்டுச் செலவு மட்டும் குறையும். மண்டபத்துக்கான முழு 3 லட்சமும் அக்கா கல்யாணத்தின் தலையில் விழும்.

‘தங்கை கல்யாணத்தின் மண்டபச் செலவு ஒன்றரை லட்சம்’ என்பது இரண்டு தாய்மாமன்களும் ஏற்றுக்கொண்ட ஒரு பங்கு. அந்தக் கல்யாணம் நடக்காவிட்டால் ஒன்றரை லட்சம் மிஞ்சும் என்று அதற்குப் பொருளே இல்லை. பிரிப்பது ஒரு கேள்வி. நிறுத்தினால் என்ன குறையும் என்பது வேறு கேள்வி. அமெரிக்கப் பொருளியலாளர் ஜே. எம். கிளார்க் பொதுச்செலவுகளைப் பற்றி 1923-ல் எழுதிய நூலிலேயே இதை விளக்கிவிட்டார். எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துச் செலவும் மாறும் என்பது அவர் கண்ட முடிவு. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கூட்டத்துக்குக் கூட்டம் அது மறந்துபோகிறது.

ரயில்வேயின் செலவில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பொதுச்செலவுதான். ஒரு கிளைப் பாதையை மூடினால் டிரைவர், நிலக்கரி, அந்தத் தடத்தின் பராமரிப்பு மிச்சமாகும். ஜங்ஷனில் இருக்கும் சிக்னல் கூண்டு அப்படியே இருக்கும். பெரிய நிலையமும் பணிமனையும் தலைமை அலுவலகமும் அப்படியே இருக்கும். மூடிய கிளை சுமந்துவந்த பங்கை இனி மற்ற பாதைகள் சுமக்க வேண்டும். நேற்றுவரை தட்டுத்தடுமாறிக் கட்டுப்படியான அடுத்த கிளை இந்தச் சுமையால் நஷ்டத்துக்குள் விழும். அதையும் வெட்டினால் அதற்கடுத்தது. வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது தலைமை அலுவலகம் மட்டும்தான்.

பிரிட்டன் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1968 சட்டத்தின்படி முதலில் பாதை பாதையாகச் செலவைப் பிரித்து மானியம் கொடுத்தார்கள். 1974-ல் வந்த சட்டம் அந்த முறையை விட்டுவிட்டு, பயணிகள் சேவை முழுவதற்கும் சேர்த்து ஒரே தொகையாக மானியம் தரத் தொடங்கியது.

வசூல் எந்தக் கணக்கில் ஏறுகிறது?

செலவைப் பிரிப்பதில் உள்ள சிக்கல் வரவைப் பிரிப்பதிலும் உண்டு. லண்டனில் ஒரு குடும்பம் கோடை விடுமுறைக்கு ஒரு கடலோரச் சிற்றூருக்குப் போய்வர டிக்கெட் வாங்குகிறது. பணம் லண்டன் நிலையத்தின் வசூலில் ஏறும். அவர்கள் போய் இறங்கும் சிறு நிலையத்தின் வசூல் புத்தகத்தில் காலணாவும் ஏறாது. வசூலை வைத்து வரிசைப்படுத்தினால், அத்தனை பேரையும் இழுத்துவந்த ஊர் பட்டியலின் அடியில் கிடக்கும்.

அறிக்கை இதை அறவே மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கிளையிலிருந்து மெயின் லைனுக்கு வந்துசேரும் வருவாயை அது தனியாகக் கணக்கில் எடுத்தது. ஆனால் கிளையை மூடினாலும் மக்கள் பக்கத்து நிலையத்துக்கு வந்து ரயில் ஏறுவார்கள், ஆகவே அந்த வருவாயில் பெரும்பகுதி தங்கிவிடும் என்று எடுத்துக்கொண்டது. மக்கள் அப்படி நடந்துகொள்ளவில்லை. பத்து மைல் கார் ஓட்டி ஜங்ஷனுக்கு வருகிறவர், அங்கே காரை நிறுத்திவிட்டு டிக்கெட் வரிசையில் ஏன் நிற்க வேண்டும்? காரிலேயே போய்விட்டார். கிளை போனதோடு மெயின் லைனின் பயணியும் போனார்.

நம் ஊர் டவுன் பஸ்ஸிலும் இது நடக்கும். இரவு பத்தரை மணி கடைசி ட்ரிப்பில் ஆறு பேர்தான் வருகிறார்கள், கலெக்‌ஷன் டீசலுக்கே காணாது என்று அதை நிறுத்தினால், மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸிலும் கூட்டம் குறையலாம். ராத்திரி திரும்பிவர வண்டி இல்லை என்று தெரிந்தவர் காலையிலேயே இருசக்கர வண்டியை எடுத்துவிடுகிறார். கடைசி ட்ரிப் விற்பது ஆறு டிக்கெட் மட்டுமில்லை. எப்போது வேண்டுமானாலும் வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கையையும் அதுதான் விற்கிறது. அதற்குக் கலெக்‌ஷன் நோட்டில் இடம் கிடையாது.

நாமே செய்த எண்

பீச்சிங் அறிக்கையின் பயணி எண்ணிக்கைக்கு அடிப்படை, 1961 ஏப்ரல் 23-ஆம் தேதி முடிந்த ஒரே ஒரு வாரத்தில் எடுத்த கணக்கு. கோடைக்கால ஊர்களுக்கு ஏப்ரல் மாதம் சீசனே இல்லை. குற்றாலத்தில் சாரல் இல்லாத மாதத்தில் தலையை எண்ணிவிட்டு, இங்கே யார் வருகிறார்கள் என்று கேட்பதைப் போன்றது அது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. இன்று நாம் காணும் செலவு எண், நேற்று நாமே எடுத்த முடிவுகளின் விளைவாக இருக்கலாம். வடஇங்கிலாந்தின் மலைப்பகுதியில் ஓடும் செட்டில் – கார்லைல் பாதை இதற்குச் சரியான சாட்சி. 1980-களின் தொடக்கத்தில் அந்தப் பாதையில் நாளுக்கு இரண்டே பயணி ரயில்கள் ஓடின. இரண்டு ரயிலை நம்பி யாரும் பயணம் திட்டமிட முடியாது, ஆகவே கூட்டமில்லை, ஆகவே தலைக்குச் செலவு மலைபோல் தெரிந்தது. அங்கே 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலத்தைப் பழுதுபார்க்க 60 லட்சம் பவுண்டு வரை ஆகும் என்றும் மதிப்பீடு போட்டார்கள். 1984-ல் மூடல் அறிவிப்பு வந்தது.

மக்கள் எதிர்த்தார்கள். போராட்டம் நடந்த காலத்திலேயே ரயில்கள் கூடின. மூடிக்கிடந்த சிறு நிலையங்களை 1986-ல் மறுபடி திறந்தார்கள். 1983-ல் 93,000 ஆக இருந்த பயணங்கள் 1989-ல் 4,50,000 ஆயின. பாலத்தில் சோதனையாகக் கொஞ்சம் பழுதுபார்த்துப் பார்த்ததில், மொத்தச் செலவு முதல் மதிப்பீட்டில் ஏறக்குறைய பாதிதான் வரும் என்று தெரிந்தது. 1989 ஏப்ரலில் மூடும் திட்டத்தை அரசு கைவிட்டது. அதே தண்டவாளம், அதே மலை. சேவையை மாற்றியதும் தலைக்கணக்கு தலைகீழானது.

நான்கு ரூபாய் மிச்சம்

இதுவரை சொன்னது எதை மூடுவது என்ற முடிவைப் பற்றியது. ஆள் குறைக்கும் முடிவில் வேறொரு பொறி இருக்கிறது. அதைச் சிறு கணக்கொன்றால் காட்டலாம்.

ஒரு மருந்து கொடுக்கும் கவுன்ட்டர். ஒருவருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கச் சராசரி 5 நிமிடம். எட்டு மணி நேரத்துக்கு ஊழியரின் சம்பளம் 1,920 ரூபாய் என்று வையுங்கள். ஓய்வே இல்லாமல் கொடுத்தால் 96 பேருக்குக் கொடுக்கலாம். நாளுக்கு 77 பேர் வந்தால் அவர் தன் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் இருப்பார்; தலைக்குச் செலவு 25 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு நேரம் அவர் சும்மா இருக்கிறாரே என்று தணிக்கையாளர் கண்ணில் படும். கவுன்ட்டர்களைக் குறைத்துக் கூட்டத்தை இங்கே திருப்பினால் 91 பேர் வருவார்கள். இப்போது 95 சதவீதம் வேலை. தலைக்குச் செலவு 21 ரூபாய். நான்கு ரூபாய் மிச்சம்.

வரிசையில் நிற்பவருக்கு என்ன ஆனது? ஆட்கள் மணி அடித்தாற்போல் ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக வருவதில்லை. சில நேரம் யாருமில்லை, சில நேரம் பஸ் வந்து நின்றதும் பத்துப் பேர். ஒருவருக்கு ஒரே மாத்திரை, இன்னொருவருக்கு எட்டு வகை. இந்த ஏற்ற இறக்கத்தை 1909-லேயே கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங். அந்த வழியில் வளர்ந்த வரிசைக் கணிதத்தின் எளிய சூத்திரப்படி, 80 சதவீத வேலைப்பளுவில் ஒருவர் சராசரியாகக் காத்திருப்பது 20 நிமிடம். 90 சதவீதத்தில் 45 நிமிடம். 95 சதவீதத்தில் 95 நிமிடம்.

நான்கு ரூபாயை மிச்சப்படுத்த ஒவ்வொரு நோயாளியிடமும் கூடுதலாக ஒன்றேகால் மணி நேரம் வாங்கியிருக்கிறோம். தினக்கூலிக்காரருக்கு அது கூலி இழப்பு. கூட வந்த மகளுக்கும் அப்படியே. அந்தப் பணம் அவர்கள் பையிலிருந்து போவதால் மருத்துவமனையின் கணக்கில் வராது. சும்மா இருப்பதாகத் தெரிந்த அந்த ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் வரிசையை வரிசையாக வைத்திருந்தது.

ஒரே வேலை மூன்று முறை

அடுத்தது, எதை எண்ணுகிறோம் என்பது. ஓய்வூதியத்துக்கு மனுப் போட்ட ஒருவருக்கு ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு இனிஷியல். முதல் நாள் மனுவை வாங்கிக்கொள்கிறார்கள். மறுமுறை வந்தபோது திருப்பிக் கொடுக்கிறார்கள். மூன்றாம் முறை திருத்தி வாங்குகிறார்கள். அலுவலகக் கணக்கில் மூன்று பேருக்குச் சேவை நடந்திருக்கிறது. தலைக்குச் செலவு குறைந்திருக்கிறது. முதல் நாளே பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து சரிபார்த்திருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும். ஆனால் அன்றைய தலைக்கணக்கு ஏறியிருக்கும். முதல் தடவை சரியாகச் செய்யாததால் திரும்பத் திரும்ப வரும் இந்தக் கூட்டத்தைத் தோல்வியால் பிறந்த தேவை என்ற பொருளில் தனிப் பெயரிட்டு அழைத்தவர் பிரிட்டனின் ஜான் செடன். தலைக்கணக்கைக் குறைக்கும் முயற்சியே மொத்தச் செலவைக் கூட்டிவிடும் என்பது அவருடைய வாதம்.

அதே நாட்டில் நடந்த ஒன்றையும் பாருங்கள். பிரிட்டிஷ் போக்குவரத்துத் துறையும் அதன் கிளை அமைப்புகளும் சம்பளப் பட்டியல், பணியாளர் விவகாரம், கணக்கு வேலைகளைத் தனித்தனியாகச் செய்துவந்தன. எல்லாவற்றையும் ஸ்வான்ஸி நகரில் ஒரே மையத்தில் சேர்த்தால் செலவு குறையும் என்று திட்டமிட்டார்கள். ஐந்தரைக் கோடி பவுண்டு போட்டால், செலவு போக 5.7 கோடி பவுண்டு மிஞ்சும் என்பது மதிப்பீடு. 2008-ல் அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது செலவு 12 கோடியைத் தாண்டும் நிலை. மிச்சம் போய், 8.1 கோடி பவுண்டு நிகர நஷ்டம் வரும் என்று கணித்தது. புதிய கணினி அமைப்பு ஊழியர்கள் சிலருக்கு ஜெர்மன் மொழியில் செய்தி காட்டிய கூத்தும் நடந்தது.

ஒரு ரசீதைப் பதிவுசெய்ய இவ்வளவு நிமிடம், இத்தனை ஆயிரம் ரசீது, ஆகவே இத்தனை ஆள் போதும் என்பது காகிதத்தில் சுலபமான பெருக்கல். பக்கத்து மேசையில் இருப்பவரிடம் ‘இது யாரோட பில்லு?’ என்று கேட்டு அரை நிமிடத்தில் முடிந்த வேலை, வேறு ஊருக்குப் போனதும் மின்னஞ்சலாகவும் தொலைபேசி அழைப்பாகவும் நினைவூட்டலாகவும் மாறிவிடும். அந்தப் பெருக்கலில் இதற்கு ஒரு கட்டமும் இருப்பதில்லை.

அப்படியானால் கணக்கே வேண்டாமா?

வேண்டும். கணக்கில்லாமல் நடத்தினால் யார் குரல் பெரிதோ அவர் பக்கம் பணம் போகும். அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது, ஒரே மாதிரியான இரண்டு மருத்துவமனைகளில் ஒன்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆகிறது என்று விசாரிக்க, தலைக்கணக்கு நல்ல விளக்கு. விசாரணையைத் தொடங்க அது உதவும். தீர்ப்பை அதன் கையில் கொடுத்துவிடக்கூடாது.

மூடுவது, இணைப்பது, குறைப்பது என்று ஒரு முடிவு மேசைக்கு வந்தால் நான்கு விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இதை நிறுத்தினால் எந்தெந்தச் செலவு உண்மையில் நிற்கும், எது வேறொருவர் தலைக்கு மாறும்? நம் புத்தகத்தில் குறையும் பணம் நோயாளியின், பயணியின், மனுதாரரின் பையிலிருந்து போகிறதா? இந்த எண் எப்போது, எந்த நிலையில் எடுக்கப்பட்டது: சேவை நன்றாக நடந்த காலத்திலா, நாமே அதை மெலிய வைத்த பிறகா? முடிவு தவறிப்போனால் திரும்பிவர வழி உண்டா?

கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. முடிந்தால் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். ரிபிள்ஹெட் பாலத்தில் சோதனைப் பழுதுபார்ப்பு செய்ததைப் போல, மூடுவதற்கு முன்பு ஆறு மாதம் நேரத்தை மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். கையிலிருக்கும் மதிப்பீட்டைவிட அந்த ஆறு மாதம் அதிகம் சொல்லும்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து தெற்கே போன வேவர்லி பாதையை 1969 ஜனவரியில் மூடினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். 46 ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பரில், அதில் சுமார் 48 கிலோமீட்டரை மட்டும் மறுபடி போட்டுத் திறந்தார்கள். அதற்கு ஆன செலவு ஏறக்குறைய 29 கோடி பவுண்டு. திறந்த முதல் ஆண்டிலேயே பயணங்கள் 10 லட்சத்தைத் தாண்டின.

ஹல் – யார்க் பாதை திரும்பி வரவில்லை. பெவர்லியிலிருந்து மார்க்கெட் வெய்ட்டன் என்ற ஊர்வரை அந்தத் தடம் இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான பாதையாக இருக்கிறது.